பழைய விளையாட்டுப் பொறியும் மலைநாட்டு ஈரமும்

நோய் என்பது உயிருடையவற்றுக்கு மாத்திரம் உரியதன்று. கைக்கடிகாரத்துக்கும் நோய் உண்டு; தையல் இயந்திரத்துக்கும் உண்டு; வானொலிப் பெட்டிக்கும் உண்டு. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது என்று பத்துக் கேள்வி கேட்கின்றவர்கள், பொறி ஒன்று நின்றுவிட்டால் மட்டும் "கெட்டுப்போயிற்று" என்ற ஒரே சொல்லில் அதன் வாழ்வை முடித்துவிடுகின்றனர். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், முதலில் நோயையும், அடுத்து அதன் காரணத்தையும், அதன் பின்னரே அதைத் தணிக்கும் வழியையும் ஆராயுமாறு ஒரு வரிசையை வகுத்துத் தந்தார். அவ்வரிசை மருத்துவனுக்கு மாத்திரமன்றிப் பழுது பார்ப்பவனுக்கும் உரியது. இதனை விளக்குவதற்குப் பெரிய தொழிற்சாலை எதனையும் நாட வேண்டியதில்லை. ஹட்டன் வட்டாரத்து வீடுகளில் அலுமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கும் ஒரு சிறு பெட்டியே போதுமானது.

தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பொறியே அந்தப் பெட்டி. மக்கள் அதனை "டி.வி. கேம்" என்றே வழங்கினர். வீட்டில் வைத்து விளையாடும் இத்தகைய பொறி முதன்முதலாக 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் "ஒடிசி" என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. 1977இல் அடாரி நிறுவனத்தின் பொறி வந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆம் திகதி, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் "ஃபேமிலி கம்ப்யூட்டர்" என்னும் பொறியை வெளியிட்டது. சுருக்கமாக "ஃபேமிகாம்" எனப்பட்ட அந்தப் பொறியைப் பார்த்துத் தாய்வானிலும் பின்னர் சீனாவிலும் செய்யப்பட்ட மலிவான பிரதிகள் தெற்காசியச் சந்தைகளிற் பரவலாக விற்பனையாயின. இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கி, 1982இல் ரூபவாஹினி பிறந்த பின்னர், தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகளுக்கு இவையும் மெல்ல வந்து சேர்ந்தன.

இப்பொறியின் உள்ளே இருப்பவை மிகச் சில உறுப்புகளே. கணக்கிடும் சில்லு ஒன்று, படம் வரையும் சில்லு ஒன்று, அவை இரண்டுக்கும் தலா 2 கிலோபைட் நினைவகம், மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி, கசெட்டைச் செருகும் வாய், கையிற் பிடித்து விளையாடும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இரண்டு. பாகங்கள் சிலவாக இருப்பதனாலேயே பழுதின் இடத்தையும் படிப்படியாகத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். இக்காலத்துக் கைத்தொலைபேசியில் அது எளிதன்று.

இனி, இப்பெட்டி வாழ்ந்த ஊரைச் சிறிது நோக்க வேண்டும். நோயாளியின் ஊரை அறியாமல் நோயை அறிதல் அரிது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் இருப்பது. மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை டிக்கோயா, மஸ்கெலியா, நோர்வூட் மலைகளின் மீது மாதக்கணக்கில் இறங்குகின்றது. மழை ஓய்ந்த நாட்களிலும் மாலை வேளையில் மூடுபனி வாசல்வரை வருகின்றது. அலுமாரியில் வைத்த துணி பூஞ்சணம் பிடிக்கும். தகரக் கூரை துருப்பிடிக்கும். தேயிலைக்கு உயிர் கொடுக்கும் அதே ஈரம், செப்புத் தகட்டையும் ஈயப்பற்றையும் மெல்ல மெல்ல அரிக்கின்றது.

மின்சாரத்தின் கதையும் இம்மலைகளில் தனிக் கதையாகும். நுவரெலியாவுக்கு அருகே பிளாக்பூல் என்னுமிடத்தில் 1912ஆம் ஆண்டிலேயே நீர்மின் நிலையம் ஒன்று அமைந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் மலைநாட்டு நீரின் வலிமையைப் பற்றி ஆய்வுரை வழங்கினார். அவர் கண்ட கனவு 1950இல் லக்சபான மின்நிலையமாக நனவாயிற்று. ஆயினும், நாடெங்கும் விளக்கேற்றிய அந்த மலைகளிலே, தோட்டத்து லயங்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்னிணைப்பு இல்லாத வீடுகளில் மோட்டார் வாகன பற்றரியைக் கொண்டு தொலைக்காட்சியை இயக்கும் வழக்கம் இலங்கையின் நாட்டுப்புறங்களிற் பரவியிருந்தது. ஈரம் ஒன்று, மின்சாரம் ஒன்று என இவ்விரண்டுமே மலைநாட்டில் இப்பொறிக்கு வரும் நோய்களுட் பெரும்பாலானவற்றுக்கு முதற் காரணங்கள்.

இத்தகைய பொறி ஒன்று பழுது பார்ப்பவரின் மேசைக்கு வருகின்றது என்று கொள்வோம். அவர் முதலிற் கையில் எடுக்க வேண்டியது திருப்புளியன்று. கொண்டுவந்தவரின் வாய்மொழியையே முதலிற் கேட்க வேண்டும். "வேலை செய்யவில்லை" என்பது முறைப்பாடேயன்றி நோயின் பெயரன்று. சிவப்பு விளக்கே எரியவில்லையா? விளக்கு எரிந்தும் படம் வரவில்லையா? படம் வந்தும் கட்டங்கட்டமாகச் சிதைந்து தெரிகின்றதா? படம் நன்றாக இருந்தும் பொத்தான் ஒன்று மட்டும் கேட்கவில்லையா? இந்நான்கு கேள்விகளும் நான்கு வெவ்வேறு வழிகளுக்கு வாசலாகும். விளக்கு எரியாவிட்டால் மின்சாரத்தின் வழியிலும், படம் சிதைந்தால் கசெட்டின் வழியிலும், பொத்தான் தவறினால் கட்டுப்பாட்டுக் கருவியின் வழியிலும் தேட வேண்டும். விளக்கு எரிந்தும் படம் இல்லையெனில் முதலில் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே பொறிக்குள் செல்ல வேண்டும்.

இரண்டாவதாக, பொறியில் பழுது இருக்கின்றதா என்பதையே உறுதி செய்தல் வேண்டும். உறவினர் ஒருவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த அசல் ஃபேமிகாம், அந்நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கும் அந்நாட்டு அலைவரிசைக்கும் ஏற்பச் செய்யப்பட்டது. இலங்கையின் தொலைக்காட்சி "பால்" என்னும் முறையைச் சேர்ந்தது. ஆகவே பழைய பெட்டிகளில் அதன் படம் நிறமின்றித் தெரியலாம்; உருண்டோடலாம்; அலைவரிசையே அகப்படாமலும் போகலாம். இது நோயன்று, மொழி வேற்றுமையே. அவ்வாறே, இக்காலத்துத் தட்டைத் தொலைக்காட்சிகளுட் சில, இப்பழைய பொறிகள் அனுப்பும் படக்குறியை ஏற்பதில்லை. வேறொரு தொலைக்காட்சியில் இணைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாதவர், நலமாக இருந்த பொறியைத் திறந்து நாசமாக்கிய கதைகள் உண்டு.

அடுத்தது மின்சாரம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைச் சிறிதாக்கித் தரும் அடாப்டரே பலமுறை குற்றவாளியாக இருக்கும். மல்டிமீட்டர் என்னும் அளவுகருவியால் அதன் முனையைச் சோதித்தால் உண்மை வெளிப்படும். இங்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டது. அதனை இலங்கையின் சுவர்த்துளையிற் செருகினால் அது அப்போதே கருகும். அசல் ஃபேமிகாமின் அடாப்டர் 10 வோல்ட் நேர்மின்சாரம் தருவது. அதன் முனையின் நடுப்பகுதி எதிர்முனை. அமெரிக்காவில் விற்ற அதே நிறுவனத்தின் பொறிக்கோ 9 வோல்ட் மாறுமின்சாரம் தரும் அடாப்டர் வழங்கப்பட்டது. முனை துளைக்குள் நுழைந்துவிட்டது என்பதற்காகப் பொருத்தம் சரியென்று எண்ணிவிடலாகாது. பொறியின் அடியில் பொறித்திருக்கும் வோல்ட் அளவையும், நடுமுனை நேரா எதிரா என்று காட்டும் சிறு படத்தையும் ஒப்பிட்ட பின்னரே செருக வேண்டும். முனை மாறிய மின்சாரம் ஒரு கணத்திற் சில்லைக் கொன்றுவிடும்.

அடாப்டர் நலமாயின், இப்போதுதான் திருப்புளிக்கு வேலை. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டே பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே மூன்று கால்களுடன், பெரும்பாலும் ஓர் அலுமினியத் தகட்டோடு பிணைந்து நிற்கும் உறுப்பு ஒன்று காணப்படும். "7805" என்று அதன் மீது எண் பொறித்திருக்கும். வரும் மின்சாரம் ஏறியிறங்கினும், சில்லுகளுக்கு ஐந்து வோல்ட்டை மட்டும் அளந்து கொடுப்பது அதன் தொழில். எழுத்துப் பொறித்த முகம் பார்ப்பவரை நோக்கி இருக்கும்போது, இடக்கால் மின்சாரம் புகும் வழி, நடுக்கால் பொதுநிலம், வலக்கால் ஐந்து வோல்ட் வெளியேறும் வழி. பொறிக்கு மீண்டும் மின்சாரம் கொடுத்து, அளவுகருவியின் கரிய முனையை நடுக்காலிலும் சிவந்த முனையை மற்றக் கால்களிலும், ஒன்றையொன்று தொடாதபடி வைத்துப் பார்க்க வேண்டும். புகுவாயில் ஒன்றுமே இல்லையெனில், செருகும் துளையின் ஈயப்பற்று விண்டிருக்கலாம், அல்லது ஆளி பழுதாகியிருக்கலாம். புகுவாயில் ஒன்பது பத்து வோல்ட் இருந்தும் வெளிவாயில் இல்லையெனில், அந்த உறுப்பு இறந்திருக்கலாம், அல்லது அதற்கு அப்பால் எங்கோ குறுக்குச்சுற்று நேர்ந்திருக்கலாம். வெளிவாயில் ஏறத்தாழ ஐந்து வோல்ட் இருந்தால், மின்சாரத்தின் வழி நலமென்று கொண்டு அடுத்த இடத்துக்குச் செல்லலாம்.

பற்றரியில் ஓடிய பொறிகளுக்கு இவ்வுறுப்பே முதலிற் பலியாவது. காரணம் எளிய கணக்கே. 9 வோல்ட் உள்ளே வந்து 5 வோல்ட் வெளியே சென்றால் எஞ்சிய 4 வோல்ட் வெப்பமாகின்றது. பொறி அரை அம்பியர் உண்டால் அது 2 வாட் வெப்பம். அதனையே 12 வோல்ட் பற்றரியில் நேராக இணைத்தால் வெப்பம் மூன்றரை வாட்டாக உயரும். பற்றரி மின்னேற்றத்தில் இருக்கும்போது 14 வோல்ட்டையும் தாண்டும். சிறிய தகட்டைக் கொண்ட மலிவான பிரதி இதனை நெடுநேரம் தாங்காது. ஒரு மணி நேரம் விளையாடிய பின் படம் மங்கி நின்று, ஆறிய பின் மீண்டும் உயிர்பெறும் பொறியின் நோய் பெரும்பாலும் இதுவே.

மின்சாரத்தின் வழியில் நிற்கும் மற்றோர் உறுப்பு கண்டென்சர். சிறு உருளை வடிவான இதனுள்ளே ஒரு திரவம் உண்டு. ஆண்டுகள் செல்ல அது உலரும், அல்லது கசியும். உலர்ந்தால் ஒலியில் வண்டு இரைவது போன்ற இரைச்சலும், படத்தில் மெல்ல ஏறும் பட்டையும் தோன்றும். மாற்றும்போது கொள்ளளவு அதுவாகவே இருத்தல் வேண்டும். வோல்ட் அளவு அதற்குச் சமமாகவோ கூடியதாகவோ இருக்கலாம். உருளையின் பக்கத்தில் கோடிட்ட கால் எதிர்முனையென்பதை மறத்தலாகாது. 1990இல் வெளிவந்த சேகா நிறுவனத்தின் "கேம் கியர்" என்னும் கைப்பொறியில், இக்கண்டென்சர்கள் கசிந்து படமும் ஒலியும் மங்குவது உலகெங்கும் பழுது பார்ப்போர் அறிந்த குறையாகும்.

இனி, மலைநாட்டின் தனி நோய்க்கு வருவோம். விளக்கு எரிகின்றது, ஐந்து வோல்ட்டும் உண்டு, ஆயினும் திரை ஒரே நிறமாக நிற்கின்றது, அல்லது எழுத்துகள் கலைந்து தெரிகின்றன. கசெட்டின் வாயில் ஃபேமிகாம் வகையில் அறுபது தொடுமுனைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கறுத்துப்போனாலும் பொறி தவறான சொல்லைப் படிக்கும். அறுபது மணிகளைக் கோத்த மாலையில் ஒரு மணி அறுந்தாற்போன்றதே இது.

இவ்விடத்திற் பிள்ளைகள் யாவரும் கைக்கொண்ட வைத்தியம் ஒன்றுண்டு. கசெட்டை எடுத்து வாயால் ஊதி மீண்டும் செருகுவர். சிலவேளை படமும் வரும். ஊதியதனால் வந்ததென்று நம்புவர். மீண்டும் செருகியபோது முனைகள் ஒன்றோடொன்று உரசிப் புதிய இடத்திற் பொருந்தியமையே உண்மையான காரணம். மூச்சிலுள்ள ஈரமோ முனைகளிற் படிந்து அரிப்பை வளர்க்கும். மழைமாதத்தில் ஏற்கெனவே ஈரத்தில் ஊறிய உலோகத்துக்கு மேலும் ஈரம் கொடுப்பது, வெள்ளத்தில் நிற்பவனுக்குத் தண்ணீர் ஊற்றுவது போலாகும். தயாரித்த நிறுவனமே ஊதுதலைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியுள்ளது.

செய்ய வேண்டியது வேறு. மருந்தகங்களிலும் மின்னணுப் பொருட்கடைகளிலும் கிடைக்கும் ஐசோபுறோப்பைல் அல்ககோலைப் பஞ்சில் நனைத்து, கசெட்டின் தொடுமுனைகளை மென்மையாகத் துடைக்க வேண்டும். பஞ்சு கறுப்பாக வரும். அது வெளுப்பாக வரும்வரை பஞ்சை மாற்றித் துடைக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாத தூய்மை உடையதே ஏற்றது. நீர் மிகக் கலந்தது உலரத் தாமதிக்கும். அல்ககோல் தீப்பற்றுவதாகையால் அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் அதனைத் திறக்கலாகாது. உப்புத்தாளால் தேய்த்தால் மெல்லிய பொன்முலாம் போய்விடும். அப்புறம் அரிப்பு விரைந்து வரும். மண்ணெண்ணெய் பிசுக்கை விட்டுச்செல்லும். கசெட்டின் முனைகள் தூய்மையான பின், அல்ககோல் நனைத்த அக்கசெட்டையே பொறியின் வாயில் சில முறை செருகி எடுத்தால், உள்ளே இருக்கும் முனைகளும் துலங்கும். யாவும் நன்கு உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மழையில் நனைந்த பொறியை உலர்த்துவதில் மலைநாட்டவருக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்தை முதலில் வாட்டுகின்றனர்; பல மணி நேரம் காற்றோட்டத்தில் மெல்ல மெல்ல ஈரத்தை இறக்குகின்றனர். கடும் வெப்பம் கடைசியில் வருவது. பொறியையும் வாட்ட வேண்டுமேயன்றிக் காய்ச்சலாகாது. பெட்டியைத் திறந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் இரண்டொரு நாள் வைத்தால் போதும். அடுப்பின் மேல் வைத்தால் உறை உருகும், ஈயப்பற்றும் தளரும்.

துடைத்த பின்னும் நோய் தீரவில்லையெனில், ஈயப்பற்றுகளை உருப்பெருக்குக் கண்ணாடியாற் பார்க்க வேண்டும். பன்முறை செருகியெடுத்த கசெட் வாயின் கால்களைச் சுற்றி மயிரிழை போன்ற வட்டப் பிளவு தோன்றியிருக்கலாம். சூட்டுக்கோலால் அவ்விடத்தைத் தொட்டுச் சிறிது புதிய ஈயம் சேர்த்தால் பிளவு மூடும். ஈயப்புகை நன்றன்று, சாளரத்தைத் திறந்து வைத்தே செய்ய வேண்டும், உணவைத் தொடுமுன் கைகழுவ வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரே சில்லின் மீது ஐயம் கொள்ளலாம். பிற்காலத்து மலிவான பிரதிகளில் எல்லாச் சில்லுகளும் ஒன்றாகிக் கரிய பிசின் உருண்டைக்குள் புதைக்கப்பட்டன. அது இறந்தால் மருந்தில்லை. ஆனால் அது அரிதாகவே முதலில் இறக்கின்றது.

கட்டுப்பாட்டுக் கருவியின் பழுதோ அழகிய ஒரு தருக்கப் பாடம். எட்டுப் பொத்தான்களின் செய்தியை ஒரு சிறு சில்லு வரிசையாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பி வழியே பொறிக்கு அனுப்புகின்றது. ஆகவே ஒரு பொத்தான் மட்டும் கேட்கவில்லையெனில், அதன் அடியிலுள்ள கரிபூசிய இறப்பரிற் பிசுக்கு, துடைத்தாற் போதும். எட்டுமே கேட்கவில்லையெனில், பொதுவான கம்பியோ அந்தச் சில்லோ பழுது. கம்பி பெரும்பாலும் கருவிக்குள் நுழையும் கழுத்திலேதான் முறியும். ஒன்றா, எட்டா என்று எண்ணிப் பார்த்தவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

இங்குத் திருத்த முடியாத இழப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில அசல் கசெட்டுகளினுள் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. விளையாடியவர் எவ்விடம்வரை சென்றார் என்னும் நினைவை அது காத்து நிற்கின்றது. புதிது மாற்றும் ஆர்வத்தில் அதனைக் கழற்றிய கணமே அந்நினைவு மறைந்துவிடும். அதில் இருப்பது, இன்று வெளிநாட்டில் வாழும் ஒரு மகன் சிறுவனாக இருந்தபோது இட்ட பெயராக இருக்கலாம். ஆகவே அதனைத் தொடுமுன் உரியவரிடம் கேட்பது பழுது பார்ப்பவரின் கடமை. மற்றொன்று, தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றியது. பழைய குழாய்த் தொலைக்காட்சியினுள் இருபதினாயிரம் வோல்ட் அளவில் உயர்மின்னழுத்தம் உண்டு; மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது தங்கியிருக்கும். விளையாட்டுப் பொறியைத் திறக்கக் கற்றவர், அந்தத் துணிவில் தொலைக்காட்சியைத் திறக்கலாகாது.

ஃபேமிகாம் பொறியைச் செய்வதை நின்டெண்டோ 2003ஆம் ஆண்டில் நிறுத்திற்று. பழுது பார்க்கும் சேவையையும் 2007இல் முடித்துக்கொண்டது. பெற்றவரே கைவிட்ட பிள்ளையாக அப்பொறி இன்று உலகில் நிற்கின்றது. சிறு நகரங்களில், ஒற்றை விளக்கின் கீழ், ஒரு சூட்டுக்கோலோடும் ஓர் அளவுகருவியோடும் அமர்ந்திருப்பவர்களே அதற்குப் புகலிடம். அவர்களிடம் இருக்கும் செல்வம் உதிரிப்பாகங்கள் அன்று. முதலில் எதைப் பார்ப்பது, கடைசியில் எதைத் தொடுவது என்னும் ஒழுங்கே. கேட்டல், அளத்தல், துடைத்தல், பற்றவைத்தல், மாற்றுதல் என்னும் இவ்வரிசையில் முன்னுள்ளவை தீங்கற்றவை. பின்னுள்ளவை மீட்க முடியாதவை. வரிசையைத் தலைகீழாக்கியவர் கையில் நலமான பொறியும் மாளும். வரிசையைக் காத்தவர் கையில், மாண்டதென்று ஒதுக்கப்பட்ட பொறியும் பலவேளை ஒரு துண்டுப் பஞ்சினாலேயே எழுந்துவிடும்.

ஆகவே, மழைமாதம் தொடங்குமுன் அலுமாரியின் மேலிருக்கும் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் மூடியுள்ள டப்பாவில் வைப்பது நன்று. அது ஏற்கெனவே பேச மறுத்திருந்தாலும் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம். கெட்டுப்போயிற்று என்று தீர்ப்புக் கூறுமுன், எங்கே வலிக்கிறது என்று அதனிடமும் ஒருமுறை கேட்டுப் பார்த்தல் தகும்.